இடக்கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு லாக் பிக்கிங்: டென்ஷன் எந்தக் கையில்?

இடக்கைப்பயில்

வணக்கம். லாக் பிக்கிங் (சாவி இல்லாமல் கருவியால் பூட்டைத் திறப்பது) பயிற்சி வீடியோக்களில் முக்கால்வாசி வலக்கைக்காரர்களுக்கானவை. பூட்டு இடது கையில், பிக் (பூட்டுக்குள் இருக்கும் பின்கள் என்ற சிறு உருளைகளைத் தூக்கும் மெல்லிய கருவி) வலது கையில். இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள் இதை அப்படியே மாற்றிப் பிடித்தால் போதுமா, வேறு கணக்கு ஏதும் இருக்கிறதா?

கைவசம் இருப்பவை: மாஸ்டர் லாக் நம்பர் 3 ஒன்று (4 பின்), சாவியை வலப்பக்கம் திருப்பினால் மட்டுமே திறக்கும் பித்தளைப் பூட்டு ஒன்று, 0.6 மி.மீ. தடிமன் ஷார்ட் ஹுக் (நுனி சிறு கொக்கியாக வளைந்த பிக்), சாவித்துளையின் அடியில் மாட்டும் எல் வடிவ டென்ஷன் ரெஞ்ச் (பூட்டைத் திருப்பும் லேசான விசையை, அதாவது டென்ஷனை, கொடுப்பது).

கேள்விகள் மூன்று. இடக்கைக்கென்று தனிக் கருவி வேண்டுமா? டென்ஷன் எந்தக் கையில் இருக்க வேண்டும்? பித்தளைப் பூட்டை வலது கையில் பிடித்து ஆள்காட்டி விரலால் ரெஞ்சை இழுத்தால் பிளக் (சாவி நுழைந்து சுழலும் உருளை) இடப்பக்கமே திரும்பப் பார்க்கிறது. வீடியோவில் அதே பிடிக்கு வலப்பக்கம் திரும்புகிறது. இது ஏன்?

நெம்புகோல்

மூன்றாவது கேள்வியிலேயே மற்ற இரண்டுக்கும் பதில் இருக்கிறது, அதனால் அதிலிருந்து தொடங்குகிறேன். விரல் எதிர்ப்பக்கம் இழுப்பது உங்கள் பிழை இல்லை. கையின் அமைப்பே அப்படி.

முதலில் வைஸில் (மேசையில் பொருத்தும் இறுக்கி) மாட்டிய பூட்டு. பின்கள் மேலே, முகப்பு உங்களைப் பார்த்து. ரெஞ்சின் பிடி வலப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால், அதைக் கீழே அழுத்த பிளக் வலஞ்சுழியாகத் திரும்பும். பிடி இடப்பக்கம் இருந்து கீழே அழுத்தினால் இடஞ்சுழி. இடக்கைக்காரர் பிக்கை இடது கையில் வைத்துக்கொள்வதால் டென்ஷன் வலது கைக்கு வருகிறது, பிடியும் வலப்பக்கம் வருகிறது. விரலின் கனத்தை அதன் மேல் வைத்தாலே வலஞ்சுழி கிடைத்துவிடும். இந்த இடத்தில் சிரமம் வலக்கைக்காரருக்குத்தான். அவர் இடப்பக்கப் பிடியைக் கீழிருந்து தூக்க வேண்டும், இல்லாவிட்டால் பிக் பிடித்த கைக்கு அடியில் இன்னொரு கையை நுழைக்க வேண்டும்.

பூட்டைக் கையில் எடுத்ததும் கணக்கு மாறிவிடுகிறது. வலது கையை முஷ்டியாக மடக்கி, கட்டைவிரல் பக்கமிருந்து பாருங்கள். மற்ற விரல்கள் இடஞ்சுழியாக மடங்கியிருக்கும். இடது முஷ்டியில் வலஞ்சுழி. பூட்டின் வளையம் உள்ளங்கைக்குள்ளும் முகப்பு கட்டைவிரல் பக்கமும் இருக்கும்போது, ஆள்காட்டி விரல் ரெஞ்சை உள்நோக்கி இழுத்தால் விரல் மடங்கும் திசையில்தான் பிளக்கும் போகும். வீடியோக்காரர் இடது கையில் பிடித்திருப்பதால் அவருக்கு வலஞ்சுழி, உங்களுக்கு இடஞ்சுழி.

ஆக வலஞ்சுழிப் பூட்டு வைஸில் இருந்தால் இடக்கைக்காரருக்கு வசதி, கையில் இருந்தால் வலக்கைக்காரருக்கு வசதி. இதைத் தெரிந்துகொள்ளாமல் கையில் பிடித்தே பழகும் இடக்கைக்காரர்கள், தங்களுக்கு விரல் நுணுக்கம் போதவில்லை என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். அது வருத்தமான விஷயம், ஏனென்றால் தீர்வு மிக எளிது.

கையில் பிடித்தே வலஞ்சுழி கொடுக்க: ரெஞ்சின் பிடியை மணிக்கட்டுப் பக்கம், அதாவது கட்டைவிரலின் அடிப்பகுதியை நோக்கி நீட்டுங்கள். இழுக்கும் வேலையை ஆள்காட்டி விரலிடமிருந்து எடுத்துவிடுங்கள். கட்டைவிரல் அந்தப் பிடியை, மற்ற விரல் நுனிகள் இருக்கும் பக்கமாகத் தள்ளட்டும். பிளக் வலஞ்சுழியாகத் திரும்பும். பூட்டைத் தாங்கும் வேலை நடுவிரல், மோதிர விரல், சுண்டுவிரல் மூன்றுக்கும்.

சுருள்வில்

கருவி பத்தி நான் சொல்றேன். தனியா இடக்கை செட் எதுவும் வாங்க வேண்டாம். ஹுக், ஹாஃப் டயமண்ட், ரேக்னு வழக்கமான பிக் வகை எல்லாமே தட்டையான தகட்டில் வெட்டினது. தகட்டின் ரெண்டு முகமும் ஒண்ணுதான், அதனால எந்தக் கையில பிடிச்சாலும் வேலை ஒண்ணுதான். எல் வடிவ ரெஞ்சும் அப்படியே, புரட்டிப் போட்டா பிடி அடுத்த பக்கம் வந்துடும்.

பார்க்க வேண்டியது ரெண்டு விஷயம். ஒண்ணு, கைப்பிடி. ஒரு பக்கம் மட்டும் விரல் பள்ளம் வெச்ச பிளாஸ்டிக் கைப்பிடிகள் இடக்கையில உறுத்தும். ரெண்டு பக்கமும் சமமா இருக்கறதா எடுங்க. ரெண்டாவது, அச்சுல வெட்டின மலிவு பிக்குகளில் ஒரு முகத்து விளிம்பில மட்டும் பிசிர் நிக்கும். பின்னைத் தடவறப்போ அது சாவித்துளை ஓரத்தில உரசி, பின் நகர்ந்த மாதிரி பொய் உணர்வைக் கொடுக்கும். 400, 800, 1500 உப்புத்தாளை வரிசையா எடுத்து, பிக்கின் நீளவாக்கில மட்டும் தேயுங்க. குறுக்கே தேய்ச்சா கோடு விழுந்து உரசல் அதிகமாகும்.

டிம்பிள் பூட்டுக்குப் (சாவியில பல்லுக்குப் பதிலா குழிகள் இருக்கற வகை) போகும்போது கதை வேற. அதோட பிக்கின் நுனியில கொடி மாதிரி ஒரு பக்கம் நீட்டின தகடு இருக்கும். இடக்கொடி, வலக்கொடின்னு ரெண்டும் வரும். எது வேணும்ங்கறதைச் சாவித்துளையில பின் எந்தப் பக்கம் இருக்குங்கறதுதான் முடிவு பண்ணும், உங்க கை இல்லை. ரெண்டும் உள்ள செட்டா வாங்குங்க.

தாழ்க்கோல்

நெம்புகோலின் விளக்கம் சரி. ஆனால் அதிலிருந்து வேறு முடிவுக்கு வரலாம் என்பது என் கருத்து. பிக்கை இடது கையில்தான் வைக்க வேண்டும் என்று யார் சொன்னது?

பிக் செய்யும் வேலை ஒப்பிட்டால் எளிது. பின்னைத் தேடுவது, ஓரளவு தூக்குவது. டென்ஷன் கையோ மாறிக்கொண்டே இருக்கும் மிகச் சிறிய விசையை இடைவிடாமல் கட்டுப்படுத்த வேண்டும். ஸ்பூல் பின் (நடுவில் ஒடுங்கிய, ஏமாற்றும் பின்) வரும்போது பிளக் பின்னோக்கி நழுவ எவ்வளவு விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதை அந்த விரல்தான் தீர்மானிக்கிறது. நுணுக்கமான வேலையைத் திறமையான கைக்குக் கொடுப்பதுதானே முறை? இடக்கைக்காரர் வலக்கைக்காரரின் பிடியை அப்படியே எடுத்துக்கொண்டால் டென்ஷன் இடது கைக்கு வந்துவிடும். வீடியோக்களும் மாற்றமில்லாமல் பொருந்தும். கட்டைவிரலால் தள்ளும் ஏற்பாடும் வேண்டாம்.

நெம்புகோல்

தாழ்க்கோல் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். டென்ஷன்தான் கடினமான பாதி. ஆனால் முதல் சில வாரங்களில் ஆளைத் தடுத்து நிறுத்துவது வேறொன்று: பிக்கின் நுனி எந்தப் பின்னில் இருக்கிறது என்றே தெரியாமல் போவது. மூன்றாவது பின் என்று நினைத்து இரண்டாவதையும் சேர்த்துத் தூக்கிவிடுவார்கள். பின்னுக்குப் பின் நாலு மில்லிமீட்டர் அளவுதான் இடைவெளி. பழக்கமில்லாத கையில் அது பிடிபட நாளாகும்.

வாதத்தால் தீர்க்க வேண்டியதில்லை, சோதித்துப் பார்த்துவிடலாம். இரண்டே இரண்டு பின் போட்ட சிலிண்டரை (பிளக்கும் பின்களும் உள்ள பூட்டின் உட்பகுதி) வைஸில் மாட்டி, கண்ணை மூடிக்கொண்டு இரண்டு விதமாகவும் திறக்க வேண்டும். கவனிக்க வேண்டியது வேகத்தை அல்ல. பின் செட் ஆகும் (சரியான உயரத்தில் நிற்கும்) கணத்தில் வரும் சின்ன ‘டிக்’ எந்த விதத்தில் தெளிவாகத் தெரிகிறது என்பதையும், பிளக் இம்மியளவு நகர்வதை ரெஞ்சில் உணர முடிகிறதா என்பதையும்தான். எதில் இரண்டும் தெரிகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை எடுத்த பிறகு அடிக்கடி மாற்ற வேண்டாம்.

இடக்கைப்பயில்

தெளிவாகிவிட்டது, நன்றி. கட்டைவிரல் முறையில் பித்தளைப் பூட்டின் பிளக் வலப்பக்கம் போகிறது.

இரண்டு யோசனைகள் வேறோர் இடத்தில் படித்தவை. ஒன்று, வீடியோவை இடம் வலமாகப் புரட்டிப் பார்ப்பது. மற்றது, பூட்டைத் தலைகீழாகப் பிடித்தால் சாவித்துளை இடக்கைக்கு ஏற்றபடி மாறிவிடும் என்பது. இவை சரியா?

மறைபின்

முதலாவது பாதி சரி, இரண்டாவது முழுக்கத் தவறு.

வீடியோவைப் புரட்டினால் கைகள் உங்களுக்குப் பொருந்தும். ஆனால் பூட்டும் சேர்ந்து புரண்டுவிடும். அவர் வலஞ்சுழியாகத் திருப்புவது திரையில் இடஞ்சுழியாகத் தெரியும். சாவித்துளையின் வளைவுகளும் பக்கம் மாறும். விரல்களின் நிலையைப் பார்க்க மட்டும் புரட்டிய வீடியோ, திசைக்கும் சாவித்துளைக்கும் அசல் வீடியோ. இந்தப் பிரிவினை மனதில் இருந்தால் குழப்பம் வராது.

பூட்டைத் தலைகீழாக்குவது வெறும் சுழற்சி. சுழற்சியால் இடம் வலம் மாறாது. ‘ஜ’ என்ற எழுத்தைத் தாளோடு எப்படிச் சுற்றினாலும் அதன் கண்ணாடிப் பிம்பம் வராது இல்லையா, அதுபோல. வலப்பக்கம் துருத்திய வார்டு (சாவித்துளைக்குள் நீட்டிய மேடு) தலைகீழாக்கும்போது இடப்பக்கம் போகும்தான், ஆனால் பின்களும் மேலிருந்து கீழே போய்விடும். பின்களை நோக்கிப் பார்த்தால் அது அதே வலப்பக்கம். திறக்கும் திசையும் மாறாது, வலஞ்சுழிப் பூட்டு எப்படிப் பிடித்தாலும் வலஞ்சுழிதான்.

சாவித்துளையில் கைக்கு உண்மையாகவே சம்பந்தமுள்ள விஷயம் ஒன்று உண்டு. வார்டு குறுகலான பூட்டுகளில் பிக்கைச் சற்றுச் சாய்த்து உள்ளே கொண்டுபோக வேண்டும். இடது மணிக்கட்டு ஒரு பக்கம் எளிதாகச் சாயும், மறுபக்கம் திருகிக்கொள்ளும். சாய்க்க வேண்டிய பக்கம் உங்களுக்குக் கடினமானது என்றால் மணிக்கட்டைத் திருகாதீர்கள். வைஸையே 15 முதல் 20 டிகிரி சாய்த்து மாட்டுங்கள். 0.6 மி.மீ. பிக் உரசினால் 0.45 அல்லது 0.38 மி.மீ. எடுங்கள். மெல்லிய பிக் வளைந்து கொடுக்கும், ஸ்பிரிங் விறைப்பான பூட்டில் அதை அளவோடு தூக்குங்கள்.

இன்னொன்று. இருபக்கமும் திறக்கும் பூட்டில் வசதிக்காகத் திசையை மாற்றினால் பின்கள் பிடிக்கும் வரிசையும் மாறும். துளைகள் ஒரே நேர்கோட்டில் துல்லியமாக அமையாததால்தான் ஒரு நேரத்தில் ஒரு பின் மட்டும் இறுகுகிறது. ஒரு பக்கம் திருப்பும்போது முதலில் இறுகிய பின், மறுபக்கம் திருப்பும்போது பெரும்பாலும் கடைசிக்குப் போகும். யாரோ எழுதிவைத்த ‘3, 1, 4, 2’ என்ற வரிசையை நம்பி இறங்கும்முன் அவர் எந்தத் திசையில் திருப்பினார் என்று பாருங்கள். அதே மாடலின் இன்னொரு பூட்டுக்கு அந்த வரிசை பொருந்தும் என்று நம்ப முடியாது.

சுருள்வில்

கட்டைவிரல் டென்ஷன்ல ஒரு ஆபத்து இருக்கு. கையிலயே பலமான விரல் அது. மெதுவா தள்றதா நினைச்சுக்கிட்டே மூணு மடங்கு தள்ளிடும்.

நகத்தைப் பாருங்க. அழுத்தும்போது நகத்தடியில ரத்தம் விலகி வெள்ளையா ஆச்சுன்னா அழுத்தம் அதிகம். நிறம் மாறாம, விரல் சும்மா சாய்ஞ்சிருக்கற அளவுதான் தொடக்க நிலை. அழுத்தம் கூடினா ரெண்டு மூணு பின் சேர்ந்து இறுகும், எது முதல்னு பிரிச்சுச் சொல்ல முடியாது. குறைஞ்சா செட் ஆன பின் கீழே விழும். குறைவா வெச்சுப் பழகறது நல்லது, விழுந்தா திரும்பத் தூக்கிக்கலாம்.

ரெஞ்சை எங்க தொடறீங்கங்கறதும் முக்கியம். பிடியோட நுனியில தொடுங்க. பிடி 60 மி.மீ. நீளம்னா, பிளக் 2 டிகிரி திரும்பும்போது நுனி கிட்டத்தட்ட 2 மி.மீ. நகரும், கண்ணாலயே பார்க்கலாம். வளைவிலிருந்து 20 மி.மீ. தூரத்தில தொட்டா அதே திருப்பம் 0.7 மி.மீ.தான். ஆனா நுனியில தொடும்போது அதே விசைக்குத் திருப்புதிறன் மூணு மடங்கு, அதனால விரலை இன்னும் லேசாக்கணும்.

ஸ்பூல் இருக்கற பூட்டில, உதாரணமா மாஸ்டர் லாக் 140ல, பிளக் சில டிகிரி திரும்பி அப்படியே நின்னுடும். திறந்துடுச்சுன்னு நினைக்க வைக்கும், திறக்காது. அப்போ ஒவ்வொரு பின்னா லேசா தூக்கிப் பாருங்க. எந்தப் பின்னைத் தூக்கும்போது ரெஞ்ச் உங்க விரலை எதிர்த்துப் பின்னால வருதோ அதுதான் ஸ்பூல். அந்த எதிர்ப்பை அடக்காதீங்க, விரலைத் தளர்த்திப் பின்னால வர விடுங்க, பின்னைத் தொடர்ந்து தூக்குங்க. கட்டைவிரல் விறைப்பா இருந்தா இந்த எதிர்த்திருப்பமே தெரியாது. தாழ்க்கோல் சொன்ன கவலை இந்த இடத்தில நியாயமானது. ஸ்பூல் பழகற வரைக்கும் வைஸ்ல வெச்சு ஆள்காட்டி விரல்லயே டென்ஷன் கொடுங்க.

கீற்று

யாரும் மணிக்கட்டைப் பற்றிப் பேசவில்லை. இடக்கையால் எழுதுபவர்களில் பலர் மணிக்கட்டைக் கொக்கிபோல் மடக்கி, வரிக்கு மேலிருந்து எழுதுவார்கள். பிக்கைப் பேனாபோல் பிடியுங்கள் என்று சொன்னதும் அதே மடக்கல் வந்துவிடும். அப்போது பிக்கின் நுனி நேராக மேலெழாமல் பக்கவாட்டில் திரும்பும். ஹுக் பின்னின் ஓரத்தில் பட்டு வழுக்கும், பக்கத்துப் பின்னைத் தட்டிவிடும். சாவித்துளையையும் கை மறைத்துவிடும்.

முன்கை, மணிக்கட்டு, பிக் மூன்றும் சாவித்துளைக்கு நேர்கோட்டில் இருக்க வேண்டும். வைஸை மேசை நடுவில் வைக்காமல் உடலின் நடுக்கோட்டுக்குச் சற்று வலப்பக்கம் வைத்து, முகப்பை இடது தோளைப் பார்க்கும்படி லேசாகத் திருப்புங்கள். இடது முழங்கை மேசையில் ஊன்றியிருக்கட்டும். சுண்டுவிரலோ மோதிர விரலோ பூட்டின் உடலைத் தொட்டு நிற்கட்டும். அந்தத் தாங்கல் இல்லாவிட்டால் தோளிலிருந்து வரும் நடுக்கம் நுனிக்குப் போகும். விளக்கு வலப்பக்கத்திலிருந்து வந்தால் பிக் பிடித்த கையின் நிழல் சாவித்துளையில் விழாது.

பின்னைத் தூக்கும்போது கை முழுவதும் மேலே போகக் கூடாது. சாவித்துளையின் அடிவிளிம்பைத் தாங்குபுள்ளியாக வைத்து, பிக்கின் பின்பகுதியைக் கீழே இறக்கினால் நுனி எழும். அடியில் ரெஞ்ச் இருந்து இடம் போதவில்லை என்றால், பின்கள் இருக்கும் மேல்விளிம்பில் மாட்டும் தட்டை ரெஞ்சுக்கு மாறுங்கள். அதன் நுனி முதல் பின்னைத் தொடக் கூடாது. தொட்டால் முதல் பின் எப்போதும் இறுகியதுபோலத் தெரிந்து ஏமாற்றும். நீளமாக இருந்தால் அரத்தால் ராவிக் குறையுங்கள்.

இடக்கைப்பயில்

இரண்டு பின் போட்ட சிலிண்டரை எப்படித் தயார் செய்வது? நம்பர் 3 பூட்டைப் பிரிக்க வழி தெரியவில்லை.

மறைபின்

நம்பர் 3 தகடுகளை அடுக்கி ரிவெட் அடித்தது. பிரித்தால் திரும்பச் சேர்க்க முடியாது, அதை விட்டுவிடுங்கள். பின் மாற்றக்கூடிய சாதாரண கதவு சிலிண்டர் ஒன்று, அதன் சாவி, பிளக்கின் விட்டத்துக்குச் சரியாக ராவிய மர உருளை, ஒரு ட்வீசர், பின்களை வரிசையாக வைக்க ஒரு தட்டு. இவை போதும்.

சிலிண்டரின் பின்பக்கம் இருக்கும் கிளிப்பையோ திருகையோ கழற்றுங்கள். சாவியைப் போட்டு 20, 30 டிகிரி திருப்புங்கள். இதைச் செய்யாமல் இழுத்தால் டிரைவர் பின்கள் (ஸ்பிரிங்கை ஒட்டிய மேல் பின்கள்) ஸ்பிரிங் விசையில் பிளக்கின் துளைகளுக்குள் இறங்கிவிடும். மர உருளையைப் பின்பக்கமிருந்து பிளக்கின் முதுகோடு ஒட்டியபடி தள்ளிக்கொண்டே பிளக்கை முன்பக்கம் எடுங்கள். இரண்டுக்கும் நடுவே இடைவெளி விழுந்தால் ஸ்பிரிங் பறக்கும். தட்டின் மேல், துணி விரித்துச் செய்யுங்கள். இடக்கைக்காரர் பிளக்கை இடது கையால் வெளியே வாங்கி, உருளையை வலது கையால் தள்ளுவது இயல்பாக வரும்.

கீ பின்களை (சாவியைத் தொடும் கீழ்ப் பின்கள்) வரிசை மாறாமல் தட்டில் வையுங்கள். உருளையை மெல்லப் பின்வாங்கி, ஒவ்வோர் அறையாக டிரைவரையும் ஸ்பிரிங்கையும் வெளியே எடுங்கள். பிறகு முதல் இரண்டு அறைகளுக்கு மட்டும் ஸ்பிரிங், டிரைவர், கீ பின் போட்டு மூடுங்கள். இரண்டு பின் சலிப்புத் தட்டும் அளவுக்குத் திறந்த பிறகு மூன்றாவது. ஐந்து பின்னும் வந்ததும் ஒரு டிரைவரை மட்டும் ஸ்பூலாக மாற்றலாம்.

ஒளி ஊடுருவும் அக்ரிலிக் பயிற்சிப் பூட்டு, உள்ளே நடப்பதைப் புரிந்துகொள்ள ஒரு நாள் உதவும். துளைகள் தளர்வாக இருப்பதால் உணர்வு பித்தளைபோல் வராது. அதில் பழகிய கை உண்மையான பூட்டில் தடுமாறும்.

நம்பர் 3, 140 இரண்டும் பழகிய பிறகு அமெரிக்கன் லாக் 1100 நல்ல அடுத்த படி. செரேட்டட் (பக்கத்தில் வரிவரியாகப் பள்ளம் வெட்டிய) பின்கள் உள்ளது. ஒரே பின் பலமுறை ‘டிக்’ என்று சொல்லும், ஒவ்வொன்றும் செட் ஆனதுபோலவே இருக்கும். அதைக் கழற்றி உள்ளே பார்க்கவும் முடியும். வளையம் திறந்த நிலையில், வளையம் இறங்கும் துளைக்குள்ளே ஒரு திருகு இருக்கிறது. அதைக் கழற்றினால் சிலிண்டர் வெளியே வரும்.

இடக்கைப்பயில்

நன்றி. நம்பர் 3ல் மூன்று பின் செட் ஆனபின் எதுவும் இறுகவில்லை, எதுவும் அசையவும் இல்லை. பிளக்கும் திரும்பவில்லை.

கீற்று

ஒன்றை அதிகமாகத் தூக்கியிருக்கிறீர்கள். கீ பின்னே ஷியர் லைனை (பிளக்கும் பூட்டின் உடலும் சந்திக்கும் கோடு) தாண்டிப் பிளக்குக்கும் உடலுக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. மொத்தமாக டென்ஷனை விடாமல், நூலிழை நூலிழையாகத் தளர்த்துங்கள். காதைப் பக்கத்தில் வையுங்கள். முதல் ‘டிக்’ கேட்டதும் நிறுத்தி, மறுபடியும் ஒவ்வொரு பின்னையும் தொட்டுப் பாருங்கள். ஸ்பிரிங்போல் துள்ளினால் இன்னும் முறை வராத பின். கல்லாக நின்றால் அதுதான் இப்போது இறுகியிருப்பது. இலேசாக ஆடி நின்றால் செட் ஆனது. பல ‘டிக்’ தொடர்ந்து விழுந்துவிட்டால் தொடக்கத்திலிருந்து.

இடக்கைப்பயில்

திறந்துவிட்டது, வலஞ்சுழியாக, வைஸில். அடுத்து வீட்டு வாசல் கதவில் முயலலாமா? அதன் பிடி இடக்கைக்கு வசதியான பக்கம் இருக்கிறது.

தாழ்க்கோல்

வேண்டாம். உங்களுடையதாக இருந்தாலும், பயன்பாட்டில் இருக்கும் பூட்டைத் தொடக் கூடாது. சொந்தப் பூட்டு அல்லது உரிமையாளர் அனுமதி தந்த பூட்டு, அதுவும் பயன்பாட்டில் இல்லாதது. இந்த எல்லையை லாக் பிக்கிங் குழுக்கள் பெரும்பாலும் கண்டிப்பாக வைத்திருக்கின்றன. பிக் கருவிகளை வைத்திருப்பது, எடுத்துச் செல்வது பற்றிய சட்டம் நாட்டுக்கு நாடு வேறு, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கண்டிப்புக்கு இயந்திரக் காரணமும் உண்டு. கீறிய பின், நெளிந்த ஸ்பிரிங் உடனே தெரியாது, ஒருநாள் சாவி நுழையாது. அதைவிட உடனடியான சிக்கல், பிளக்கை 180 டிகிரி திருப்பும்போது வருவது. சாவித்துளையின் அடிப்பக்கம் டிரைவர் பின்களுக்கு நேராக வந்து நிற்கும். சாவி உள்ளே இருந்தால் அந்த வழியை அது அடைத்திருக்கும். பிக் செய்யும்போது சாவி இல்லை. அடி திறந்த சாவித்துளை என்றால் டிரைவர்கள் அதற்குள் இறங்கி பிளக்கைப் பூட்டிவிடும், இரண்டு பக்கமும் திரும்பாது.

பயிற்சி சிலிண்டரில் அப்படி ஆனால் முரட்டுத்தனமாகத் திருப்ப வேண்டாம். அடிப்பக்க ரெஞ்சை எடுத்துவிட்டு, சாவித்துளையின் நீளத்துக்குத் தட்டையான தகடு ஒன்றை, டிரைவர்கள் இறங்கிய பக்கமாக உள்ளே முழுவதும் செருகுங்கள். தகடு எல்லா டிரைவர்களையும் ஒன்றாக மேலே தள்ளி ஷியர் லைனில் நிறுத்தும். அதே நிலையில் தகட்டைப் பிடித்துக்கொண்டே பிளக்கைத் திருப்பினால் விடுபடும்.